கரண்ட் கன்வேயர் வைத்து ஃபில்டர் வடிவமைப்பது எப்படி? ஆப்-ஆம்ப் போதாதா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். ஆப்-ஆம்ப் (மிகப் பெரிய கெயின் கொண்ட ஆம்ப்ளிஃபையர் ஐசி) இருக்கும்போது கரண்ட் கன்வேயர் (ஒரு முனையில் ஓடும் கரண்டை இன்னொரு முனையில் அப்படியே தரும் சர்க்யூட்) எதற்கு என்பது ஒன்று. ஆய்வுக்கட்டுரைகளில் குவிந்து கிடக்கும் சர்க்யூட்களில் எதை எடுத்தால் மேசையில் உண்மையிலேயே வேலை செய்யும் என்பது இன்னொன்று. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆடியோ அதிர்வெண்ணுக்கு ஆப்-ஆம்ப்பே போதும். டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப்பின் கெயின்-பேண்ட்வித் (கெயினையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வரும் எண்) சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் அதனிடம் 3000 மடங்கு கெயின் இருக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸில் இருப்பது வெறும் 3 மடங்கு. 'கெயின் மிகப் பெரியது' என்று நம்பி எழுதிய சமன்பாடு எதுவும் அங்கே நிற்காது. இரண்டு இன்டக்ரேட்டர் (உள்ளீட்டை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் சர்க்யூட்) கொண்ட ஃபில்டரில் க்யூ (உச்சம் எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) நாம் கணக்குப் போட்டதைவிட ஏறிவிடும், சில சமயம் சர்க்யூட் ஊசலாடவே தொடங்கிவிடும். வேகமான ஆப்-ஆம்ப்கள் இன்று நிறைய உண்டு, அவையும் ஒரு வழிதான். ஆனால் கரண்ட் கன்வேயர் அந்தப் பெரிய கெயினையே கேட்பதில்லை. எனக்கு அதன் மேல் பிடிப்பு வந்தது அதனால்தான்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்மித்தும் செட்ராவும் 1968-இல் இதன் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று எல்லோரும் பயன்படுத்துவது 1970-இல் வந்த இரண்டாம் தலைமுறை. மூன்று முனைகள். ஒய் முனை கரண்ட் எடுக்காது. ஒய்யில் என்ன வோல்டேஜோ அதுவே எக்ஸில் தெரியும். எக்ஸில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ அவ்வளவும் இசட்டில் ஓடும். அவ்வளவுதான் விதி. எக்ஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், இசட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் இன்டக்ரேட்டர் தயார். ஃபீட்பேக் சுற்று இல்லை, இரண்டு பாகமும் கிரவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன.

கையில் வாங்கக்கூடிய ஐசி ஏடி844. விற்பது கரண்ட்-ஃபீட்பேக் ஆப்-ஆம்ப் என்ற பெயரில். உள்ளே இருப்பது ஒரு கரண்ட் கன்வேயரும் அதன் பின்னால் ஒரு பஃபரும் (இசட்டின் வோல்டேஜை அப்படியே வெளியே தரும் பகுதி). பின் (ஐசியின் கால்) 3 ஒய், பின் 2 எக்ஸ், பின் 5 இசட், பின் 6 பஃபரின் வெளியீடு. இசட் முனையை வெளியே கொண்டுவந்து கொடுத்திருப்பதுதான் நமக்கு வாய்ப்பு.

நான் பரிந்துரைக்கும் சர்க்யூட்டுக்கு இரண்டு ஏடி844 போதும். முதல் ஐசியின் ஒய்தான் முக்கிய முனை, அதை 'ஏ' என்று வைத்துக்கொள்வோம். அதன் எக்ஸிலிருந்து கிரவுண்டுக்கு ஆர்1, இசட்டிலிருந்து கிரவுண்டுக்கு சி2. அதன் பின் 6-இலிருந்து ஆர்2 வழியாக இரண்டாவது ஐசியின் எக்ஸுக்குப் போங்கள். இரண்டாவதின் ஒய் கிரவுண்டில். அதன் இசட் திரும்ப 'ஏ' முனைக்கு வருகிறது. 'ஏ'யிலிருந்து கிரவுண்டுக்கு சி1. உள்ளீடு ஆர்3 வழியாக 'ஏ'வுக்கு. இப்போது 'ஏ'யிலிருந்து பார்த்தால் இரண்டு ஐசியும் சேர்ந்து ஒரு காயில் போல நடந்துகொள்ளும். அதன் இண்டக்டன்ஸ் ஆர்1, ஆர்2, சி2 மூன்றின் பெருக்கல். அந்தக் காயிலும் சி1-உம் சேர்ந்து ரெசனன்ஸ் தருகின்றன. இரண்டாவது ஐசியின் பின் 6-இல் பேண்ட்-பாஸ், முதல் ஐசியின் பின் 6-இல் லோ-பாஸ். ஆர்1-உம் ஆர்2-உம் சமம், சி1-உம் சி2-உம் சமம் என்றால் க்யூ என்பது ஆர்3-ஐ ஆர்1-ஆல் வகுத்தது, வேறொன்றுமில்லை. பேண்ட்-பாஸின் நடு அதிர்வெண்ணில் கெயின் 1.

நான் 1 மெகாஹெர்ட்ஸுக்கு, க்யூ 5-க்குக் கட்டினேன். கெப்பாசிட்டர் இரண்டும் 100 பிகோஃபாரட். கணக்கு 1592 ஓம் கேட்டது, 1.58 கிலோ ஓம் போட்டேன். ஆர்3 7.87 கிலோ ஓம். ஸ்கோப்பில் உச்சம் வந்த இடம் 915 கிலோஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரின் டாலரன்ஸ் என்று நினைத்து இரண்டையும் மாற்றினேன், வேறு கட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். இம்மி நகரவில்லை. ஒரு மாலைப்பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

விடை டேட்டாஷீட்டில் இருந்தது. எக்ஸ் முனையின் உள்தடை பூஜ்யம் அல்ல, சுமார் 50 ஓம். அது ஆர்1-உடனும் ஆர்2-உடனும் தொடராகச் சேர்கிறது. இசட் முனையில் 4.5 பிகோஃபாரட், அது கெப்பாசிட்டரோடு இணையாகச் சேர்கிறது. 1580-க்குப் பதில் 1630, 100-க்குப் பதில் 104.5 என்று போட்டுப் பாருங்கள்: 934 கிலோஹெர்ட்ஸ். பஃபரின் வெளியீட்டுத் தடை, ஒய் முனையின் கெப்பாசிட்டன்ஸ், பிரெட்போர்டு கொடுக்கும் ஒன்றிரண்டு பிகோஃபாரட், இவை மீதியை இழுத்துக்கொண்டன. ஆர்1, ஆர்2 இரண்டையும் 1.43 கிலோ ஓமாக மாற்றியதும் உச்சம் 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வந்து உட்கார்ந்தது. பழைய க்யூ வேண்டுமென்றால் ஆர்3-யும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்.

எனவே சர்க்யூட் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு எக்ஸ் முனையிலும் ரெசிஸ்டர் இருக்கிறதா? இருந்தால் உள்தடையை அதற்குள் கழித்துக்கொள்ளலாம். இசட்டிலிருந்து கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டர் இருந்தால் அங்குள்ள 4.5 பிகோஃபாரடையும் அப்படியே கழிக்கலாம். எக்ஸில் நேரடியாகக் கெப்பாசிட்டரை மாட்டியிருக்கும் சர்க்யூட்டை எடுக்காதீர்கள். அங்கே 50 ஓம் ஒழிந்துகொள்ள இடமில்லாமல், சமன்பாட்டில் இல்லாத ஒரு புதிய போலாகவோ ஜீரோவாகவோ (ஃபில்டரின் அதிர்வெண் வளைவு திசை மாறும் இடங்கள்) வெளியே வரும். ஒரே கன்வேயரில் எல்லா ஃபில்டரும் கிடைக்கும் என்று சொல்லும் சர்க்யூட்களில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பாகம் மிச்சமாகலாம், ஆனால் சிமுலேஷனுக்கும் மேசைக்கும் இடையே இடைவெளி பெரிதாகும். சிமுலேஷனில் இலட்சியக் கன்வேயரைப் போடாமல், எக்ஸில் 50 ஓமும் இசட்டில் 4.5 பிகோஃபாரடும் 3 மெகா ஓமும் சேர்த்தே ஓட்டுங்கள்.

அப்புறம் புரோப். இசட் முனையில் நேரடியாகப் புரோப் வைக்காதீர்கள். என் 10 மடங்கு புரோப்பின் மேல் 12 பிகோஃபாரட் என்று எழுதியிருக்கும். முதல் முறை கட்டியபோது 'ஏ' முனையைத் தொட்ட கணமே 915-இல் இருந்த உச்சம் 870-க்கு இறங்கியது, எடுத்ததும் திரும்பி வந்தது. அளப்பது எப்போதும் பின் 6-இல்தான். கெப்பாசிட்டர்கள் சி0ஜி வகையாக (மதிப்பு அதிகம் மாறாத செராமிக்) இருக்கட்டும், எக்ஸ்7ஆர் (மதிப்பு மாறும் செராமிக்) வேண்டாம்.

அதிர்வெண்ணை மின்சாரத்தால் மாற்ற வேண்டும் என்று உங்கள் புராஜெக்டில் இருந்தால், எக்ஸின் உள்தடையையே ரெசிஸ்டராகப் பயன்படுத்தும் கன்வேயர்கள் உண்டு. பைபோலார் வடிவத்தில் அந்தத் தடை, வெப்ப வோல்டேஜை (அறை வெப்பநிலையில் சுமார் 26 மில்லிவோல்ட்) பயாஸ் கரண்டின் (டிரான்சிஸ்டர்களை இயங்கு நிலையில் வைக்கும் நிலையான கரண்ட்) இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 100 மைக்ரோஆம்பியருக்கு 130 ஓம். பயாஸை இரட்டித்தால் தடை பாதியாகும், ஃபில்டரின் அதிர்வெண் இரட்டிப்பாகும். ஆனால் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே தடை 0.33 சதவீதம் ஏறிவிடும், ஆகவே பயாஸ் கரண்டும் வெப்பநிலையோடு அதே விகிதத்தில் ஏறும்படி அமைக்க வேண்டும். ஏடி844-இல் இந்த வசதி கிடையாது. முதலில் மேலே சொன்ன இரண்டு ஐசி சர்க்யூட்டைக் கட்டி, பின் 6-இல் உச்சம் எங்கே வருகிறது என்று பாருங்கள். கணக்கோடு ஒத்துவராவிட்டால் அளந்த எண்களோடு கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.