மிளகாய் ஜெல்: மூன்று நாள் போதாது

அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்கு 0.025 சதவீத கேப்சைசின் (மிளகாய்க்குக் காரம் தரும் பொருள்) ஜெல் தடவி மூன்று நாளாகியும் எரிச்சல்தான் மிச்சம், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மிளகாயின் காரம் முதலில் வலி நரம்பைச் சீண்டும்; விடாமல் தடவினால்தான் அது மரத்து அடங்கும். என் மாமியாருக்கு இரண்டாம் வாரக் கடைசியில்தான் கைப்பிடியைப் பிடிக்காமல் படியேற முடிந்தது. பட்டாணி அளவு எடுத்து, தினம் மூன்று நான்கு வேளை, நான்கு வாரம் வரை பாருங்கள். வெந்நீரில் குளித்த உடனே மட்டும் தடவ வேண்டாம், எரிச்சல் இரட்டிப்பாகும். அப்புறம் கை: காரம் தண்ணீரில் கரையாது. விரலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போடச் சொல்லுங்கள். அதுவரை கண்ணைத் தொடவே கூடாது. தோலில் கொப்புளம் வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.