பெரிய வீட்டுக்கு 40 லட்சம் கடனா, சின்ன வீட்டுக்கு 16 லட்சமா?

கேள்வி: திருச்சி திருவெறும்பூர் அருகே எங்களுக்கு 4 சென்ட் மனை இருக்கிறது. எனக்கு வயது 41, கணவருக்கு 43. இருவரும் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். 58 வயதில் ஓய்வு. கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து மாதம் 78,000 ரூபாய். சேமிப்பு 16 லட்சம். 8 வயது மகளும் மாமியாரும் உடன் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரர் 2,100 சதுர அடியில் மாடி வீட்டுக்கு 52 லட்சம் கேட்கிறார். சிமென்டும் கம்பியும் குறைவாகச் செலவாகும், வெயில் தாங்கும் ஒரு சின்ன வீடு, 1,050 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் போதும் என்பது என் எண்ணம். பாதிப் பரப்பு என்பதால் 26 லட்சத்தில் முடியும் என்று கணக்கிட்டிருக்கிறேன். "வீடு கட்டுவது ஒரு தடவைதான், பெரிதாகவே கட்டிவிடு, கடன் வாங்கினால் வரியும் மிச்சம்" என்கிறார்கள் உறவினர்கள். நான் நினைப்பது தவறா?

பதில்: உங்கள் எண்ணம் சரியானது. கணக்கில் மட்டும் ஒரு சிறு திருத்தம் தேவை. பரப்பு பாதியானால் செலவும் சரிபாதியாகிவிடாது. சமையலறை, குளியலறை, ஆழ்துளைக் கிணறு, தரைத்தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு ஆகியவை இரண்டு வீடுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே 26 லட்சம் என்பதை 28 லட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பில் 4 லட்சத்தை அவசரத் தேவைக்கு ஒதுக்கிவிட்டு 12 லட்சத்தை வீட்டில் போடுவதாகக் கொள்வோம். பெரிய வீட்டுக்கு 40 லட்சம் கடன் வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். கடனைக் கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் 43 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். சின்ன வீட்டுக்கு 16 லட்சம் போதும். அதே வட்டியில் 10 ஆண்டுகளுக்குத் தவணை சுமார் 19,840 ரூபாய். மொத்த வட்டி 8 லட்சத்துக்கும் குறைவு. பெரிய வீட்டின் தவணை உங்கள் சம்பளத்தில் 44 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, சின்ன வீட்டின் தவணை ஏறக்குறைய 25 சதவீதத்தை.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது வயதுக் கணக்கு. 20 ஆண்டுக் கடன் முடியும்போது உங்கள் கணவருக்கு 63 வயது ஆகியிருக்கும். ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் கழிந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் ஓய்வூதியம் உறுதியில்லாத தனியார் வேலையில் இருந்தவருக்கு. 10 ஆண்டுக் கடன் முடியும்போது அவருக்கு 53, உங்கள் மகளுக்கு 18. அவள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் உங்கள் வீட்டுக்கடன் தீர்ந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சின்ன வீட்டின் பக்கம் நிற்கிறேன்.

வரி மிச்சம் என்ற வாதம் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் கழிவு உண்டு. கடன் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அது போதாது, 40 லட்சம் கடனில் முதல் ஆண்டு வட்டியே 3 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இனி சுற்றுச்சூழல் பற்றி. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் வரை சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருவதாக மதிப்பிடுகிறார்கள். ஆகவே எந்தப் "பசுமைப் பொருளை" வாங்குவதையும்விட 1,050 சதுர அடியைக் கட்டாமல் விடுவதே பெரிய சேமிப்பு. அடுத்தபடியாகப் பணம் போட வேண்டிய இடங்கள் சுவரும் தளமும். கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய 'ராட் டிராப் பாண்ட்' (எலிப்பொறிக் கட்டு) முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். அந்த வெற்றிடம் வெயிலையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே அதில் இறங்குங்கள். இல்லையென்றால் ஃபிளை ஆஷ் கல் (நிலக்கரிச் சாம்பலில் செய்வது) போதும். ஆற்றுமணலுக்குப் பதில், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கேளுங்கள். காவிரியும் கொள்ளிடமும் மணலை இழந்தது போதும். மொட்டைமாடியில் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் பதியுங்கள். திருச்சி வெயிலில் அதன் அருமை முதல் சித்திரையிலேயே தெரியும். இவற்றுக்காக 1 லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கினாலும் தவணையில் 1,240 ரூபாய்தான் ஏறும்.

சோலார் பலகையை உடனே போட வேண்டாம். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பயன்பாடு குறைவாக இருக்கும்வரை யூனிட் விலையும் குறைவு. சின்ன வீட்டில் உங்கள் மின்கட்டணமே சிறியதாக இருக்கும் என்பதால் போட்ட பணம் திரும்ப நெடுநாள் ஆகும். கட்டும்போதே மாடிவரை குழாயும் வயர் பாதையும் விட்டுவையுங்கள். குடியேறி ஓராண்டு மின்கட்டண ரசீதுகளைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

உறவினர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: பிற்காலத்தில் இடம் போதாமல் போகலாம். அதற்கு இன்றே மாடி கட்டத் தேவையில்லை. அடித்தளத்தையும் தூண்களையும் ஒரு மாடியைத் தாங்கும்படி பொறியாளரை வடிவமைக்கச் சொல்லுங்கள். படிக்கட்டுக்கு வெளிப்புறத்தில் இடம் விடுங்கள். மகளுக்குத் தேவைப்பட்டால் அவள் சம்பாதிக்கும் காலத்தில் கட்டிக்கொள்ளலாம். ராட் டிராப் சுவரைத் தேர்ந்தெடுத்தால் இந்த மாடித் திட்டத்தையும் பொறியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாமியாரின் அறையைக் குளியலறையை ஒட்டி அமையுங்கள். தரையில் ஏற்ற இறக்கம் வேண்டாம்.

தவணையில் மாதந்தோறும் மிச்சமாகும் சுமார் 14,900 ரூபாயை வீட்டுச் செலவில் கரையவிடாதீர்கள். மகளின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கை 10 வயதுக்குள்தான் தொடங்க முடியும். உங்களுக்கு இன்னும் 2 ஆண்டுகள்கூட முழுதாக இல்லாமல் இருக்கலாம். ஆகவே இந்த மாதமே தொடங்கி மாதம் 8,000 ரூபாய் போடுங்கள். 18 வயது நிறைந்ததும் உயர்கல்விக்கு இருப்பில் பாதிவரை எடுக்கலாம். மாத மிச்சத்தில் மீதியை உங்கள் இருவரின் ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்குங்கள்.

ஒப்பந்ததாரரிடம் மொத்தத் தொகையாக இல்லாமல் அடித்தளம், சுவர், தளம், பூச்சு, மின்வேலை என்று தனித்தனியாக மதிப்பீடு எழுதி வாங்குங்கள். ஒதுக்கிவைத்த அந்த 4 லட்சத்தை மட்டும், வேலை நடுவில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும், கட்டடத்துக்குள் போட்டுவிடாதீர்கள்.