ஏமனில் கொரோனா: போருக்கு நடுவே பொதுச் சுகாதாரம் (கேள்வி பதில்)

கேள்வி: சார், ஏமனில் மொத்தமே சுமார் 12,000 பேருக்குத்தான் கொரோனா வந்தது என்று கணக்கு சொல்கிறது. போரால் வெளியாட்கள் வராததால் நாடு தப்பித்துக்கொண்டதா?

பதில்: தப்பிக்கவெல்லாம் இல்லை, கணக்கில் ஏறவில்லை. 2020 ஏப்ரல் 10இல் ஹத்ரமௌத் மாகாணத்தில் முதல் தொற்று உறுதியானது. பரிசோதனை வசதி சில நகரங்களில்தான் இருந்தது. அரசை எதிர்த்துப் போரிட்டுத் தலைநகர் சனாவைக் கையில் வைத்திருந்த ஹூதி கிளர்ச்சியாளர்களின் நிர்வாகம் ஒருசிலரை மட்டும் அறிவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஆக, நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் மறுதரப்பான, உலக நாடுகள் அங்கீகரித்த அரசின் பகுதிகளுடையது.

நாடு முழுவதற்குமான அதிகாரபூர்வ இறப்பு எண்ணிக்கை 2,200ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த அரசின் தற்காலிகத் தலைநகரான ஏடனில் கபரஸ்தான்கள் எவ்வளவு வேகமாக விரிகின்றன என்று செயற்கைக்கோள் படங்களில் பார்த்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்த ஒரு மாகாணத்திலேயே வழக்கத்தைவிட 2,000 பேருக்கு மேல் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று தெரிந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாத சாவுகளை மண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்னும் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

கேள்வி: காய்ச்சல் வந்தவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?

பதில்: பயம்தான். நோயாளிகளுக்கு விஷ ஊசி போட்டுக் கொன்றுவிடுகிறார்கள் என்ற வதந்தி சனாவில் காட்டுத்தீயாய்ப் பரவியது. நிர்வாகமே தகவலை மறைக்கும்போது ஜனங்கள் வதந்தியைத்தானே நம்புவார்கள்? போதாக்குறைக்கு, ஏப்ரலில் ஏடனில் பெருவெள்ளம். டெங்கு, சிக்குன்குனியா, மலேரியா எல்லாம் ஒன்றாகச் சுற்றின. எந்தக் காய்ச்சல் எது என்று வீட்டிலிருப்பவருக்கு எப்படித் தெரியும்? மூச்சு முட்டிய பிறகே பலர் வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: வென்டிலேட்டர் அனுப்பியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே?

பதில்: அதற்கு முன்னால் ஆக்சிஜன் வேண்டும். ஒரு பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கும் நோயாளிக்கு அது எட்டு மணி நேரம்கூட வராது. ஒருவருக்கே ஒரு நாளைக்கு மூன்று சிலிண்டர்! இருபது படுக்கை என்றால் அறுபது. அத்தனையையும் நிரப்ப வேண்டும், சோதனைச் சாவடிகளைத் தாண்டி லாரியில் கொண்டுவர வேண்டும். காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் கருவி இருந்தாலும் கரண்ட் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். எரிபொருள் கப்பல் ஹொதைதா துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடந்தால் வார்டில் மூச்சு நிற்கும்.

கேள்வி: காலராவும் அப்போது இருந்ததே?

பதில்: இருந்தது. 2016 அக்டோபரில் தொடங்கி, 2017 முடிவதற்குள் சந்தேக நோயாளிகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2020இல் எண்ணிக்கை குறைந்ததை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொரோனாவுக்குப் பயந்து வயிற்றுப்போக்குக்காரர்களும் சிகிச்சைக்கு வரவில்லை.

கேள்வி: போர்நிறுத்தம் அறிவித்தார்களே, என்ன ஆயிற்று?

பதில்: 2020 மார்ச் 23இல் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் உலகம் முழுக்கச் சண்டையை நிறுத்தக் கேட்டார். ஏப்ரலில், ஏமன் அரசுக்கு ஆதரவாகப் போரிட்ட சவூதி கூட்டணியும் அறிவித்தது. சண்டை ஓயவில்லை. ஓரளவு நிலைத்த போர்நிறுத்தம் 2022 ஏப்ரலில்தான் வந்தது.

கேள்வி: தடுப்பூசி?

பதில்: 2021 மார்ச் 31இல் ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்த கோவாக்ஸ் என்ற சர்வதேசத் திட்டத்தின் வழியாக 3,60,000 டோஸ் ஏடனில் இறங்கியது. ஹூதிகள் கையிலிருந்த வடக்கே அது சரியாகப் போய்ச் சேரவே இல்லை.

கேள்வி: ஐயா, உங்கள் கையில் பணம் இருந்தால் முதலில் எதற்குச் செலவு செய்வீர்கள்?

பதில்: சம்பளத்துக்கு. யோசிக்கவே மாட்டேன். 2016இல் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்டதிலிருந்து வடக்கே அரசு ஊழியர் சம்பளம் சிதறிப்போனது. நர்ஸ், ஆய்வகப் பணியாளர், குடிநீரில் குளோரின் கலக்கும் தொழிலாளி எல்லோரும் அதில் அடக்கம். முகக்கவசமும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்படியும் வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். கருவி வாங்க நன்கொடை தருபவர்கள் நிறையப் பேர், மாதச் சம்பளம் தரத்தான் ஆளில்லை. சம்பளத்தைக் கொடுத்த பிறகு டீசல், அப்புறம் குளோரின். வென்டிலேட்டர் அதற்கெல்லாம் பிறகுதான்.