நாரை பொய்யில்லை

கேள்வி: நாரையைத் தூது விடுவது, அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது என்று பழம்பாடல்களில் வருவதெல்லாம் வெறும் கற்பனைதானே? அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டித்தான் சத்திமுற்றம் இருக்கிறது. ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’ பாடிய புலவரின் ஊர். வறுமை விரட்ட மதுரைக்குப் போய், போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் குளிரில் ஒடுங்கிக் கிடந்தவர், நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார்.

தூது கற்பனைதான். நாரை கற்பனையில்லை. அதன் அலகு பிளந்த பனங்கிழங்கு போல இருக்கிறது என்கிறார். பொங்கல் சமயத்தில் ஒரு கிழங்கை அவித்து, தோலுரித்து, நெடுகப் பிளந்து பாருங்கள். அடி பருத்து, நுனி கூர்ந்து, இரண்டு பாதியும் லேசாக விலகி நிற்கும். வாய் திறந்த நாரையேதான்! நிறத்துக்குப் பவளம் என்று தனியாகச் சொல்லிவிடுகிறார். அலகும் காலும் சிவந்த அந்த நாரை, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து போகும் பறவை. பாட்டிலும் குளிர்காலம்தான். ‘நீயும் உன் பெடையும் குமரியாடி வடக்கே திரும்பினால் எங்கள் ஊர்க் குளத்தில் தங்குங்கள்’ என்கிறார்.

ஐரோப்பாவில் குளிர்காலத்து நாரைகள் எங்கே போகின்றன என்பது நெடுநாள் புதிர். 1822-ல் ஆப்பிரிக்க ஈட்டி கழுத்தில் குத்தியபடியே ஜெர்மனிக்குத் திரும்பிய ஒரு செங்கால் நாரைதான் அதற்குக் கண்கண்ட சாட்சியானது. நம் புலவர் அதற்கு வெகுகாலம் முன்பே போக்குவரத்துத் திசையைப் பாட்டில் வைத்துவிட்டார்.

அன்னம் விஷயம் வேறு. எந்தப் பறவையும் பாலையும் நீரையும் பிரிக்காது. அது செவிவழி வந்த கதை. பிள்ளைகளிடம் கதையென்றே சொல்லுங்கள். கண்ணால் பார்த்துப் பாடியதையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டிவிடாதீர்கள், எனக்கு மனசு ஆறவில்லை.

வயலில் வெள்ளையாக எது நின்றாலும் கொக்கு என்றுதானே நாம் காட்டுகிறோம்? மார்கழியில் அவர்களை உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றைத் துழாவி நத்தையை எடுத்து, கீழலகின் நுனியை உள்ளே செலுத்தி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவிவிடும். அந்த அலகு எதைப்போல இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.