வேதாளம் ஏன் மரத்துக்குத் திரும்புகிறது?
சிறார் சாகச நாவல்: வாசகர் கேள்வி–பதில்

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மாயாஜால சாகச நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனை பக்கம் இருக்கலாம்? (வாசகி, கும்பகோணம்)

பக்கத்தை விட்டுவிட்டு ஃபாரத்தைக் கணக்கில் வையுங்கள். ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுதான் ஃபாரம். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு ஃபாரம் 16 பக்கம். பத்து ஃபாரம் என்றால் 160 பக்கம். பிள்ளைகளுக்கேற்ற பெரிய எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 180 சொல், படங்களுக்கு 20 பக்கம் போக, 25,000 சொல் வரை வரும். முதல் நாவலுக்கு அது தாராளம். 163 பக்கத்தில் முடித்தீர்களானால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு அரை ஃபாரமாவது ஓட்ட வேண்டும். அச்சகக்காரர் முகம் சுளிப்பார். அத்தியாயம் 1,500 சொல்லைத் தாண்ட வேண்டாம். ராத்திரி படுக்கப்போகும் முன் வாய்விட்டு வாசித்து முடிக்கிற அளவு அதுதான்.

என் கதாநாயகனிடம் மந்திரக்கோல் இருக்கிறது. எதையும் செய்வான். ஆனால் படித்தவர்கள் எல்லோரும் "சப்பென்று இருக்கிறது" என்கிறார்கள். என்ன குறை? (வாசகர், விருதுநகர்)

"எதையும் செய்வான்" என்பதுதான் குறை. எதையும் செய்ய முடிந்தவனுக்கு என்ன ஆகிவிடுமோ என்று எந்தப் பிள்ளையும் பயப்படாது.

விக்கிரமாதித்தன் கதையைப் பாருங்கள். வேதாளம் கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே விதி. இரண்டுமே ராஜாவின் கையைக் கட்டுகின்றன. அத்தனை கதைகளையும் தாங்குவது அந்தக் கட்டுதான், வேதாளத்தின் பறக்கும் சக்தி இல்லை.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937இல் வெளியிட்ட 'ஹாபிட்' நாவலிலும் இதே சூட்சுமம். கதாநாயகன் பில்போவுக்குக் கிடைக்கும் மோதிரத்தைப் போட்டால் ஆள் தெரியமாட்டான். ஆனால் நல்ல வெயிலில் நிழல் மட்டும் விழும். பூதங்களின் குகையிலிருந்து தப்பும்போது அரைகுறையாகத் திறந்த கதவிடுக்கில் அவன் சிக்கிக்கொள்கிறான். வெளியே வெயில். கதவருகே நிழல் தெரிகிறது என்று ஒரு பூதம் கத்துகிறது. பித்தளைப் பொத்தான்கள் தெறித்துச் சிதற, திமிறிக்கொண்டு ஓடுகிறான். மோதிரம் முழுசாக மறைத்திருந்தால் பொத்தானும் தெறித்திருக்காது, நமக்கும் திக்கென்றிருக்காது. பிறகு டிராகனின் குகைக்குள் போகிறான். அங்கே வெயில் இல்லை, நிழல் பிரச்சினை இல்லை. ஆனால் டிராகன் மோப்பம் பிடித்துவிடுகிறது! கண்ணுக்குத்தான் மறைவு, மூக்குக்கு இல்லை.

உங்கள் மந்திரக்கோலுக்கு மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எதைச் செய்யாது? ஒருமுறை பயன்படுத்தினால் பயன்படுத்துகிறவனுக்கு என்ன போகும்? எதிராளி அதை எப்படி முறிக்கலாம்? மூன்றையும் கதையின் முதல் கால்பகுதிக்குள் வாசகருக்குக் காட்டிவிட வேண்டும். கடைசிச் சண்டையில் போய், "இந்தக் கோலுக்கு இன்னொரு சக்தியும் உண்டு" என்றால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பெரியவர்களாவது மரியாதைக்குப் படித்து முடிப்பார்கள்.

ஐந்து பிள்ளைகள் காட்டு வழியாகப் பன்னிரண்டு நாள் நடக்கிறார்கள். கற்பனை உலகம்தானே, தூரக் கணக்கெல்லாம் தேவையா? (வாசகி, மட்டக்களப்பு)

தேவை. டிராகனை நம்புகிற பிள்ளை, ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் நடந்ததை நம்பாது.

மூட்டையோடு நல்ல பாதையில் பிள்ளைகள் நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் பெரிது. காடு, மேடு என்றால் அதில் பாதி. அவல், பொரிமாவு, கருப்பட்டி என்று உலர்ந்த உணவாகவே வைத்தாலும் ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ. ஐந்து பேருக்குப் பன்னிரண்டு நாளைக்கு 30 கிலோ. இதில் தண்ணீரைச் சேர்க்கவில்லை. தூக்க முடியாது, இல்லையா? அங்கேதான் கதை பிறக்கிறது: நாலாம் நாள் ஒரு ஊருக்குள் போயே ஆக வேண்டும், அல்லது மூட்டை ஆற்றோடு போக வேண்டும்.

நிலாவில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். மூன்றாம் பிறை மேற்கே தெரியும். பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம்போல இருந்துவிட்டு மறைந்துவிடும். நள்ளிரவில் அதை உச்சிவானில் தொங்கவிடாதீர்கள். நள்ளிரவில் உச்சியில் நிற்பது பௌர்ணமி நிலா. தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவையொட்டித்தான் கிழக்கே எழும். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுலப வழி: ஏதாவது ஒரு வருடத்துப் பழைய நாள்காட்டியை எடுத்து, கதையின் முதல் நாளை ஒரு திதியில் நிறுத்திவிட்டு, தாளைக் கிழித்துக்கொண்டே எழுதுங்கள்.

டோல்கீனே 1960இல் 'ஹாபிட்'டைத் திருத்தி எழுத உட்கார்ந்து, தூரத்தையும் நிலாவையும் சரிபார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். வெளிவந்த புத்தகத்தில் கணக்கைச் சரிசெய்வது அவ்வளவு பாடு.

'ஹாபிட்' நாவலில் வரும் விடுகதைப் போட்டி நியாயமானதா? என் மகள் "பில்போ ஏமாற்றிவிட்டான்" என்கிறாள். (வாசகர், சேலம்)

உங்கள் மகள் கட்சிதான் நானும். குகைக்குள் வாழும் கொல்லம் என்ற விசித்திரப் பிராணியும் பில்போவும் மாற்றி மாற்றி விடுகதை கேட்கிற போட்டி அது. மீன் என்ற விடை, குளத்து மீன் ஒன்று துள்ளி வந்து காலில் விழுந்ததால் கிடைத்தது. காலம் என்ற விடையோ, "இன்னும் நேரம் கொடு" என்று கேட்கப் போய் "நேரம்! நேரம்!" என்று மட்டும் வாயில் வந்ததால் கிடைத்தது. கடைசியில் "என் பையில் என்ன இருக்கிறது?" என்பது விடுகதையே அல்ல, ஆசிரியரும் அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த அநியாயம் கதைக்கு லாபம். தோற்ற கொல்லமுக்குக் கோபப்பட உரிமை கிடைத்துவிடுகிறதே!

நீங்களும் எழுதுவதானால், விடை பிள்ளைக்குப் பழக்கமான பொருளாக இருக்கட்டும். "ஒரு குடுவையில் இரண்டு எண்ணெய்" என்றால் முட்டை என்று சொல்லிவிடும். கேள்வியை வலப்பக்கத்தின் கடைசி வரியில் நிறுத்துங்கள். தாளைத் திருப்பும்வரை யோசிக்கட்டும்.

முதல் பதிப்பில் அந்தக் காட்சி வேறு மாதிரி என்கிறார்களே? (வாசகர், திருநெல்வேலி)

ஆமாம். 1937 பதிப்பில் மோதிரமே பந்தயப் பரிசு. கொல்லம் அதைக் கொடுக்கத்தான் தேடுவான். காணாமல் போகவே மன்னிப்புக் கேட்டு வழிகாட்டிவிடுவான். அடுத்து எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பெருங்கதைக்கு அந்த மோதிரம் பொல்லாததாக மாற வேண்டியிருந்ததால், 1951 பதிப்பில் டோல்கீன் அத்தியாயத்தையே மாற்றினார். தொடர் எழுதப் போகிறவர்கள் முதல் பாகம் அச்சுக்குப் போகும் முன்பே மந்திரப் பொருள் எங்கிருந்து வந்தது என்று முடிவு செய்துவிடுங்கள்.

'ஹாபிட்'டில் வரும் பதிமூன்று குள்ளர்களின் பெயர் நினைவில் நிற்கவில்லை. (மாணவி, மதுரை)

யாருக்கும் நிற்காது. கிலி, ஃபிலி, டோரி, நோரி, ஓரி என்று எதுகையில் ஓடுகின்றன. வாய்விட்டுச் சொல்ல அழகு, ஆளை அடையாளம் காணத்தான் கஷ்டம். தலைவன் தோரின், குண்டன் பாம்பர், வெண்தாடிக்காரன் பாலின், இந்த மூவரைப் பிடித்துக்கொண்டால் போதும். உன் கதையில் ஐந்து பேர் வந்தால் ஐந்து பெயருக்கும் வேறு வேறு முதல் எழுத்து வை.

வரைபடம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும்? (வாசகர், கோவை)

முன் அட்டையின் உட்பக்கமும் அதை ஒட்டிய தாளும் சேர்ந்தாற்போல. ஒரே நிறக் கோட்டோவியம் போதும். நடு மடிப்பில் இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் வெறுமையாக விடச் சொல்லுங்கள். அங்கே போட்ட கோட்டையைத் தையல் விழுங்கிவிடும்.