யார் வைத்த அர்த்தம்? – கடிதம்

வணக்கம் சார்,

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய பேய்ப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி இரண்டு படம் பார்த்தேன். ஒன்று 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, இன்னொன்று 1962-இல் வந்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. உண்மையைச் சொன்னால் பயமே வரவில்லை. முதல் படத்தில், எழுந்து நடமாடும் பிணங்களுக்குப் பயந்து ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பாதி நேரம் ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறார்கள், மீதி நேரம் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள். இலவசமாகக் கிடைத்த பிரிண்டில் பல காட்சிகள் வெறும் இருட்டுக் கறைதான். இரண்டாவது படத்தில் அந்தப் பெண் எதற்கு அவ்வளவு விறைப்பாக இருக்கிறாள் என்றே புரியவில்லை.

இணையத்தில் தேடினால் முதல் படம் இனவெறியைப் பற்றியது, வியட்நாம் போரைப் பற்றியது, அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றியது என்று ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் இயக்குநர் ரொமேரோவே, நாயகன் வேடத்துக்குக் கறுப்பின நடிகரைத் தேர்ந்தெடுத்தது அவர் நன்றாக நடித்ததால் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறாரே? அவர் நினைக்காத அர்த்தத்தை நாமாக ஏற்றிச் சொல்கிறோமா? காசில்லாமல் ஏதோ எடுத்தார்கள், பிறகு வந்தவர்கள் அதைக் காவியமாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

கோபமெல்லாம் இல்லை. பயம் வரவில்லை என்றால் வரவில்லைதான். அதற்காக வாதாடி யாரையும் பயப்பட வைக்க முடியாது.

முதலில் அந்தப் பிரிண்ட் விஷயம். நீங்கள் பார்த்தது பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்துபோன ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் வந்த கையோடு ஊர்ப்பொதுச் சொத்தாகிவிட்டது. டிவிக்காரர்கள் காசு கொடுக்காமல் நள்ளிரவில் போட்டார்கள், கேசட் கம்பெனிகள் கிடைத்த பிரதியில் இருந்து நகல் எடுத்து விற்றன. எடுத்தவர்களுக்கு அதனால் ஒரு பைசா கிடையாது. ஆனால் படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததும் இதே காரணத்தால்தான். 2016-இல் மூல நெகட்டிவில் இருந்து சீரமைத்த பிரதி ஒன்று இருக்கிறது. அதில் பார்த்தால் அந்தக் கறைகளுக்குள் மரம், புல், முகம் எல்லாம் இருப்பது தெரியும். வண்ணம் பூசிய பதிப்பு எதிரில் வந்தால் ஓடிவிடுங்கள்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ரொமேரோ அப்படிச் சொன்னது நிஜம்தான், ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லியிருக்கிறார். திரைக்கதையில் நாயகன் பென் ஒரு சாதாரண லாரி டிரைவர், நிறம் என்ன என்ற பேச்சே இல்லை. நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார், எடுத்துக்கொண்டார்கள். ஜோன்ஸ் படித்த மனிதர், மேடை அனுபவம் உள்ளவர். எழுதியிருந்த முரட்டுப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை, தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். பென்னிடம் நாம் பார்க்கும் நிதானம் இப்படி வந்ததுதான்.

இப்போது கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் தாக்குப்பிடித்த ஒரே ஆள் பென். விடிகிறது. வெளியே பிணங்களைச் சுட வந்த துப்பாக்கிக்காரர்கள், நாய்கள், பொழுதுபோக்குக்கு வேட்டைக்கு வந்தவர்கள் மாதிரி காபி குடித்துக்கொண்டே நடந்து வருகிறார்கள். ஜன்னல் ஓரம் ஓர் உருவம் அசைகிறது. யார், என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை, சுட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு படம் ஓடுவதே இல்லை. செய்தித்தாள் புகைப்படம் போலப் பொரிப்பொரியாக, அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கையில் இறைச்சிக் கொக்கிகளோடு வெள்ளைக்காரர்கள், அந்தக் கொக்கியில் இழுபடும் உடல், விறகுக் குவியல், நெருப்பு.

பென் சாவது திரைக்கதையிலேயே இருந்தது, ஜோன்ஸ் வருவதற்கு முன்பே. ஒரு வெள்ளைக்கார லாரி டிரைவர் அந்த வேடத்தில் இருந்திருந்தால் அது விதியின் கேலி, அவ்வளவுதான். ஜோன்ஸ் வந்ததும், அந்த முடிவு மாறாமலே அது வேறு படமாகிவிட்டது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரை அடித்துக் கொன்று எரித்து, பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் அமெரிக்கர்களுக்குத் தெரியும். படத்தை முடித்துவிட்டு, பிரிண்டைக் காரில் போட்டுக்கொண்டு நியூயார்க் போகிற வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். அது 1968 ஏப்ரல். படம் திரைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், இயக்குநர் அதை நினைக்கவில்லை என்று சொல்லிப் பயன் உண்டா?

முழுக்கத் தற்செயல் என்றும் விட்டுவிட முடியாது. முடிவை மாற்றினால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. கையில் காசில்லாத, கடன் உள்ள இளைஞர்கள் மாட்டோம் என்றார்கள். ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இல்லாமல் இருக்கலாம். அவரைக் கொல்லும் முடிவில் உறுதியாக நின்றதை எப்படித் தற்செயல் என்பது?

ஆனால் நான் சொல்ல வருவது இதைவிடக் கொஞ்சம் அகலமானது. காசு இருக்கிற படம் தன் உலகத்தைத் தானே கட்டிக்கொள்ளும். செட், ஒப்பனை, தெரு, கூட்டம் எல்லாமே சம்பளத்துக்கு வந்தவை. அங்கே வேண்டாதது எதுவும் உள்ளே வர முடியாது. காசில்லாத படத்துக்குக் கதவே கிடையாது, ஊர் உள்ளே வந்துவிடும். ரொமேரோவின் கூட்டாளிகள் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள். ஆளுக்கு 600 டாலர் என்று பத்துப் பேர் போட்டுத் தொடங்கினார்கள், கடைசியில் மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். இடிக்கப்போகிற ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். இசை, விலைக்குக் கிடைக்கும் பதிவுத் தொகுப்பில் இருந்து எடுத்தது. நிலவறையை விட்டு வெளியே வர மறுக்கிற அந்தச் சிடுமூஞ்சி ஹாரி கூப்பராக நடித்தவர் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். தாயையே கொல்கிற அந்தச் சிறுமி அவருடைய சொந்த மகள். படத்தில் களத்துக்குப் போய்ப் பேட்டி எடுக்கிற டிவி நிருபர் பிட்ஸ்பர்க் மக்கள் டிவியில் பார்த்துப் பழகிய நிஜமான ஆள். துப்பாக்கியோடு வயலில் நடந்து வருகிறவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் நடந்து வருகிற அந்த அலட்சியத்தை எந்த ஹாலிவுட் துணை நடிகரிடமும் வாங்க முடியாது. எனக்கு அந்தப் படத்தில் பிணங்களைவிட அவர்களைப் பார்த்தால்தான் வயிறு கலங்கும்.

வீட்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டீர்கள். அதுதானே படம். வெளியே இருப்பவை மெதுவாக நடப்பவை, நெருப்பைக் கண்டால் விலகுபவை. ஏழு பேர் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். பென் மேலேயே இருந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் பலகை அடிப்போம் என்கிறான், கூப்பர் நிலவறைக்குப் போய்த் தாழ் போடுவோம் என்கிறான். நாம் பென் பக்கம். பென் நிதானமானவன், கூப்பர் கோழை, சுயநலக்காரன். கடைசியில் பென் உயிரோடு விடியலைப் பார்ப்பது எங்கே பதுங்கியிருந்து? அதே நிலவறையில். கூப்பர் சொன்னதுதான் சரியாக இருந்தது! படம் இதைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தை பேசாது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லவன் சொல்வதே சரியாக இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொண்டோம். இதை யாரும் வெளியில் இருந்து ஏற்றியதாகச் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வியட்நாம் என்பவர்களோடு எனக்குப் பாதி தூரம்தான் உடன்பாடு. அந்தக் காலத்து அமெரிக்கப் படம் எதை எடுத்தாலும் வியட்நாமை இழுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. இங்கே அது கதையில் இல்லை, பார்வையில் இருக்கிறது. ராத்திரிச் செய்தியில் போரைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் படம் செய்தி மாதிரியே தெரிந்திருக்கும். அதற்கு மேல் போனால் நீங்கள் சொல்கிற ‘ஏற்றிச் சொல்லுதல்’தான்.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ வேறு வகை. எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கான்ஸாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில், பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அறிவுரைப் படம் எடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்களோடு எப்படிப் பழகுவது, இயந்திரத்தில் கை மாட்டாமல் எப்படி வேலை செய்வது, அந்த மாதிரிப் படங்கள். யூட்டா மாநிலத்து உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ‘சால்ட்ஏர்’ என்ற கேளிக்கைக் கூடத்தை வழியில் பார்த்தார். கூட வேலை செய்த எழுத்தாளரிடம் கதை எழுதச் சொன்னார். சுமார் 33,000 டாலர், மூன்று வாரம். வெள்ளை மாவு பூசிய முகத்தோடு வருகிற அந்த ஆள் ஹார்வியேதான். அதற்குப் பிறகு அவர் கதைப்படம் எடுக்கவே இல்லை.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க வந்த நாயகி மேரி ஏன் விறைப்பாக இருக்கிறாள் என்று கேட்டீர்கள். அவள் செத்துவிட்டாள் என்பது கதையின் பதில். ஆனால் படத்தில் யார் யார் அதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆர்கன் வாசிப்பதில் ஆத்மா வேண்டாமா என்கிறார்கள். பாதிரியார் சபையோரிடம் பழகச் சொல்கிறார். தெருவில் சந்தித்த டாக்டர் கூட்டிப்போய் உட்காரவைத்து ஆண் துணை வேண்டாமா என்று விசாரிக்கிறார். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவள் கேட்பது ஒன்றுதான்: வேலைக்கு வந்தேன், வேலையைச் செய்கிறேன், என்னை விடுங்கள். வாழ்க்கை முழுக்க அறிவுரைப் படம் எடுத்த மனிதர், கிடைத்த மூன்று வார லீவில் அறிவுரையால் மூச்சுமுட்டுகிற ஒரு பெண்ணைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார். அதைத் தெரிந்து செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அவர் படத்தில் மனிதர்கள் எல்லோரும் அறிவுரைப் படத்து மனிதர்கள் போலவே பேசுகிறார்கள், அவருக்கு வேறு மாதிரிப் பேச வைக்கத் தெரியாததால்கூட இருக்கலாம். இந்தக் கதையில் அது அச்சாகப் பொருந்துகிறது.

துணிக்கடைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். உடை மாற்றும் அறைக்குள் போகிறாள், பிம்பம் நீரில் போல் ஒரு நொடி நெளிகிறது. வெளியே வந்தால் சத்தம் இல்லை. கடைக்காரப் பெண்ணைக் கூப்பிடுகிறாள், அவள் திரும்பவில்லை. தெருவில் வாய் அசைகிறது, பேச்சு இல்லை. ஒரு பூங்காவில் மரத்தைத் தொட்டபடி நிற்கும்போது பறவைச் சத்தம் திரும்பி வருகிறது. பேய் இல்லை, ஒப்பனை இல்லை. ஒலிப்பட்டையை மூடிவிட்டார்கள், அவ்வளவே. ஒரு பைசா செலவில்லாத திகில் இது. இதில் பயம் வரவில்லையா? சரி, விடுங்கள்.

உங்கள் கட்சிக்கு எதிராக நான் வைக்கக்கூடிய பலமான சாட்சி இந்த இரண்டு படமும் அல்ல, வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர். 1942-இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ அவரை வேலைக்கு எடுத்தபோது சொன்ன நிபந்தனைகள்: ஒன்றரை லட்சம் டாலருக்குள் எடுக்க வேண்டும், 75 நிமிடம் தாண்டக்கூடாது, தலைப்பை நாங்கள் கொடுப்போம். தலைப்புகள் எல்லாம் பொருட்காட்சிக் கொட்டகை ரகம். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலிடம் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. முதல் படம் ‘கேட் பீப்பிள்’, வேறு படத்துக்குப் போட்ட படிக்கட்டு செட்டை எடுத்துப் பயன்படுத்தி, நிழலும் காலடிச் சத்தமுமாக ஒப்பேற்றினார். இயக்கியவர் ழாக் டூர்னர்.

அடுத்து வந்த தலைப்பு ‘ஐ வாக்ட் வித் எ ஸாம்பி’. 1943. மேற்கிந்தியத் தீவு ஒன்றில், கரும்புத் தோட்ட முதலாளி வீட்டுக்கு நர்ஸாக வருகிறாள் ஒரு வெள்ளைக்காரப் பெண். வண்டி ஓட்டுகிற கறுப்பினக் கிழவர், தங்கள் முன்னோர்களைக் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கட்டி இங்கே கொண்டுவந்த கதையைச் சொல்கிறார். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்திருக்கிறார்கள் என்கிறாள். நீங்கள் சொன்னால் சரிதான் அம்மா, நீங்கள் சொன்னால் சரிதான் என்கிறார் அவர். குரலில் ஒரு சுளிப்பும் இல்லை. அந்தத் தீவில் குழந்தை பிறந்தால் அழுவார்கள். அடிமை வாழ்க்கைக்கு இன்னொரு உயிர் வந்துவிட்டதே என்று தொடங்கிய பழக்கம் நிற்கவில்லை. முதலாளி வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் சிலை, அந்த அடிமைக் கப்பலின் முகப்பில் இருந்து கழற்றியது.

இதை யாரும் பின்னால் வந்து ஏற்றவில்லை. ஒவ்வொன்றும் வேண்டுமென்றே வைத்தது. அதே ஆண்டுகளில் பெரிய செலவில் எடுத்த ஹாலிவுட் படங்களில் அடிமை முறையைப் பற்றி ஒரு வண்டிக்காரர் இப்படிப் பேச விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். செலவு அதிகமானால் கதையில் கை வைக்க வருகிறவர்களும் அதிகம். ஸாம்பிப் படத்துக்குள் எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

அதற்காக மலிவுப் படம் எல்லாமே நல்ல படம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நூற்றில் தொண்ணூறு குப்பைதான், நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ரப்பர் முதலை, ஜிப் தெரிகிற பூதம். இல்லாத காசை இருப்பது போலக் காட்டப் போனவை அவை.

நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது ‘ஐ வாக்ட் வித் எ ஸாம்பி’. 69 நிமிடம்தான், ஈரோட்டில் இருந்து கோயம்புத்தூர் போவதற்குள் முடிந்துவிடும். ஆனால் பஸ்ஸில் பார்க்காதீர்கள். இரவில் கரும்புக்காட்டுக்குள் இரண்டு பெண்கள் நடந்துபோகிற காட்சி இருக்கிறது, காற்றும் கரும்பு உரசுகிற சத்தமும்தான். ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் பயம் வரவில்லை என்றால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் போடுகிறேன்.