வேலிக்குள் வேல் உண்டு, வாள் இல்லை

கேள்வி: 50 சென்ட் தோட்டத்துக்கு ஃபென்சிங் போட விசாரித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கும் மகள், "எனக்கும் ஃபென்சிங் வேணும்ப்பா, ஸ்கூல்ல பணம் கட்டணும்" என்றாள். பள்ளிக்கூடத்து வேலிக்கு நான் ஏன் கட்டணும் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் கேட்டது வாள்வீச்சாம்! இரண்டிலும் 'எலக்ட்ரிக்' வேறு உண்டாமே? - வாசகர், பல்லடம்.

பதில்: இருவர் கேட்டதும் ஃபென்சிங்தான். ஆங்கிலத்தில் 'டிஃபென்ஸ்' தலையை இழந்து 'ஃபென்ஸ்' ஆனது. தற்காப்புக்கு நட்டாலும் வீசினாலும் ஒரே பெயர். தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. வேலிக்குள் வேல்தான் இருக்கிறது, வாள் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மட்டும் ஜாக்கிரதை. அங்கே வேலி என்பது நில அளவும்கூட. ஒரு வேலி என்றால் 20 மா, ஏறத்தாழ 6.6 ஏக்கர்!

முதலில் உங்கள் வேலி. விலையை சென்ட் கணக்கில் பேசாதீர்கள், சுற்றளவை அடியில் அளந்து பேசுங்கள். 50 சென்ட் சதுரமாக இருந்தால் சுற்றளவு 590 அடி. அதே 50 சென்ட் 60 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் 846 அடி. 10 அடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் சதுரத்துக்கு 59 கால், முட்டுக்கால் தனி. 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போகட்டும். ஐந்து வரிசை முள்கம்பிக்கு 2,950 அடி, சுமார் 900 மீட்டர். கம்பியை எடை போட்டுத்தான் விற்பார்கள். கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்: 12-ஐவிட 10 தடிப்பு. மூலைக்கல்லுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுக்காவிட்டால், கம்பியை இழுத்துக் கட்டியதும் கல் உள்பக்கம் சாயும், ஐந்து வரிசையும் தொய்ந்துவிடும்.

இப்போது 'எலக்ட்ரிக்'. சோலார் வேலியில் எனர்ஜைசர் என்ற கருவி, கம்பியில் நொடிக்கு ஒன்று என்ற அளவில் மிகக் குறுகிய மின்துடிப்பை அனுப்பும். அது தொட்ட விலங்கின் உடல் வழியே மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாகத் திரும்பினால்தான் ஷாக். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் ஷாக் குறையும், எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். புல் வளர்ந்து கம்பியில் உரசினாலும் மின்சாரம் அங்கேயே இறங்கிவிடும். வீட்டு லைனை நேராக வேலிக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஆளையே கொன்றுவிடும், சட்டப்படி குற்றமும்கூட.

வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வாள். எப்பேயின் நுனியில் ஒரு பொத்தான் உண்டு. 750 கிராம் அழுத்தம் விழுந்தால், சட்டைக்குள் ஓடும் வயர் வழியே, குத்து விழுந்ததைக் காட்டும் விளக்கு எரியும். வயர் அறுந்திருந்தால் குத்து விழுந்தும் விளக்கு எரியாது. மேடையின் உலோகத் தரைக்கும் எர்த் உண்டு. நுனி தரையில் பட்டு விளக்கு எரியக் கூடாது என்பதற்காக. ஆக, தோட்டத்தில் எர்த் இருந்தால்தான் அடி விழும். மேடையில் எர்த் இருந்தால் தரையில் விழுந்த அடி செல்லாது. குழந்தைக்கு ஷாக் அடிக்காது, பயப்படாதீர்கள்.

சென்னையின் பவானி தேவி வீசுவது சேபர். இடுப்புக்கு மேலே, தலை, கை எல்லாம் இலக்கு. ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர் அவர். 2021-ல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார்.

மகளுக்குப் பணம் கட்டுமுன், பள்ளியிலேயே முகக்கவசமும் ஜாக்கெட்டும் தருவார்களா என்று கேளுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் கையுறையில் தொடங்கலாம். வலக்கையா இடக்கையா என்று கடையில் மறக்காமல் சொல்லுங்கள். கையுறை வாள் பிடிக்கும் கைக்கு மட்டும்தான், ஜாக்கெட்டும் கைக்கு ஏற்ப மாறும்.